எட்டுப் பல் காட்டிய கண்ணாடி

இந்தக் காலத்து ஆட்கள் எதையும் கண்ணால் பார்ப்பதில்லை, கண்ணாடியால்தான் பார்க்கிறார்கள். கணக்குப்பிள்ளைக்குக் கண்ணாடி, வாத்தியாருக்குக் கண்ணாடி. நாளைக்குக் கோயில் மாட்டுக்கும் ஒன்றை மாட்டிவிடுவான்கள் என்று முனகிக்கொண்டேதான் மொக்கைச்சாமி உத்தமபாளையம் மாட்டுச் சந்தைக்குள் நுழைந்தார்.

போன வருசம் இளங்காளை என்று அவர் பிடித்துவந்தது, பாதி உழவில் படுத்துவிட்டது. இன்று காலையில் மனைவி சந்தனம்மாள் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்: "இந்தத் தடவையும் கிழட்டைப் புடிச்சாந்தீருன்னா, நுகத்தடியில உம்மைத்தான் பூட்டுவேன்."

மாட்டு வியாபாரி தவசியின் காளை எண்ணெய் தேய்த்து மினுமினுவென்று நின்றது.

"ரெண்டே பல்லு மாமா. பச்சப்புள்ள."

மாட்டுக்கு வயசு சொல்வது பல்தான். பால்பல் விழுந்து பெரிய பல் இரண்டு முளைத்திருந்தால் இளசு. எட்டும் முளைத்துத் தேய்ந்திருந்தால் கிழடு. மொக்கைச்சாமி உதட்டை விலக்கினார். உள்ளே மோரை ஊற்றிவைத்த மாதிரி ஒரே மங்கல்.

"மாட்டைக் கொஞ்சம் பின்னால தள்ளுடா."

தள்ளினான்.

"இன்னும் தள்ளு."

"இன்னும் தள்ளுனா மேகமலையில போயித்தான் நிக்கும். கையி இங்கன, வாயி அங்கன, எப்படி மாமா பல்லுப் பாப்பீக?"

சந்தையே சிரித்தது. பக்கத்தில் மூக்குக்கண்ணாடிப் பெட்டியை விரித்திருந்த ராவுத்தர் எழுந்து வந்தார்.

"பெரியவரே, உமக்கு வெள்ளெழுத்து. வயசானா கிட்டத்துல இருக்கது மங்கும்."

"ஏய்யா ராவுத்தரே, நான் கைநாட்டு. கருப்பெழுத்தே ஒண்ணு தெரியாது, வெள்ளெழுத்து எங்கிட்டிருந்துய்யா வரும்? அது படிச்சவன் சீக்கு!"

"வாங்க வேணாம். சும்மா போட்டுப் பாரும்" என்று ராவுத்தர் அவர் மூக்கில் ஒன்றை மாட்டினார்.

மொக்கைச்சாமி குனிந்தார். பல் ஒவ்வொன்றும் குளத்துப் படிக்கட்டாகத் தெரிந்தது. எட்டு. எட்டும் பெரிசு, தேய்ந்து, காவியேறிக் கிடந்தன. தவசியின் முகம் சுண்டிப்போனது.

மொக்கைச்சாமிக்கு ஒரு சந்தேகம். கண்ணாடியைக் கழற்றித் தன் கட்டைவிரலுக்கு மேல் பிடித்தார். விரல் கருணைக்கிழங்காய்ப் பருத்தது.

"பாத்தீரா! பால்பல்லையெல்லாம் பெரும்பல்லாக் காட்டி, கன்னுக்குட்டியக் கிழடாக்குது உம்ம சீமைக் கண்ணாடி!"

"அட, தேஞ்சிருக்கே! அதையுமா கண்ணாடி தேச்சுது?" என்று ராவுத்தர் காளையின் வாயை எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"என்னமோ தேச்சிருக்கு."

"அப்பிடிச் சொல்லுங்க மாமா!" என்று தவசி சட்டென்று விலையை முடித்துக் கயிற்றைக் கையில் திணித்தான்.

சந்தை வாசலைத் தாண்டுமுன்னே காளை மூச்சிரைத்து நின்றுவிட்டது. மொக்கைச்சாமி கயிற்றைத் தோளில் போட்டு, குனிந்து இழுத்தார்.

"பெரியவரே, இன்னொருக்கா பாத்துட்டுப் போறது!" என்று ராவுத்தர் கத்தினார்.

"பச்சப்புள்ளய்யா, நடந்து பழக்கமில்ல" என்று திரும்பிப் பாராமல் சொல்லிவிட்டு, மொக்கைச்சாமி இழுத்துக்கொண்டே நடந்தார்.