ஈரம் காயாத மூலை

இது கற்பூரம் அணைத்துச் சொல்கிற சத்தியம்; இதில் ஒரு சொல் கூடுதலில்லை.

சிலமலைப் பெண்களை ஏலத்தோட்டத்துக்கு ஏற்றிப்போகும் மகாராஜனின் ஜீப்பில் கையை வைத்தால் காலை வைக்க இடமிருக்காது. அதில் பொன்னுமணி உட்கார்ந்துவந்த மூலை மட்டும் காலியாகக் கிடந்தது. அவள் செத்து ஒரு வருசம். அங்கே யார் உட்கார்ந்தாலும் சேலை நனைந்தது. மகாராஜன் மெத்தையைப் பிடுங்கித் தகரம் அடித்தான், தகரமும் நனைந்தது.

பக்கத்து இடம் வேலுத்தாய்க்கு. நின்று பத்து வருசமான உதிரம் அவளுக்குச் சித்திரையில் திரும்பி வந்தது. ஐப்பசி மழைக்கும் ஓயவில்லை. வீட்டுக்குத் தூரமானவள் மலையடி முனியைத் தாண்டக்கூடாது. அங்கே ஜீப்பை நிறுத்திக் கற்பூரம் கொளுத்தும்போதே மகாராஜன் இறக்கிவிட்டுவிடுவான். பழஞ்சேலையைக் கிழித்து வைத்துக்கொண்டு அவள் வாய் திறக்காமல் போய்வந்தாள். வழியில் போடி ஊர் ஆஸ்பத்திரியும் ஜீப்பு போகையில் திறந்திருக்காது. திரும்புகையில் டாக்டரம்மா இருக்கமாட்டார்.

ஒரு விடியலில் அந்த மூலை பேசியது.

"என்னடி வேலுத்தாயி, கிழிக்க இன்னும் சேலை மிச்சமிருக்கா?"

பொன்னுமணிதான். வாய் நிறைய வெற்றிலை. செத்தவளுக்குச் சுண்ணாம்பு யார் கொடுத்தது என்பதுதான் வேலுத்தாய்க்கு முதலில் தோன்றியது.

"மெதுவாப் பேசுங்க மதினி. தூரம்னு தெரிஞ்சா எறக்கி விட்ருவான்."

"நானும் தூரம்னுதான் நெனச்சேன். முனிக்குப் பயந்து மறைச்சேன். முனி ஒண்ணுஞ் சொல்லல. டாக்டரம்மாதான் சொன்னாக, 'கர்ப்பப்பையில புத்து முத்திப்போச்சே, முன்னாடியே வரக்கூடாதா'ன்னு. நின்னது திரும்பி வந்தா அது தூரமில்லடி, நோவு. எறங்கு."

"சோலி கெடக்குதே மதினி."

"ஏலக்கா உன்னைத் தேடி அழுகாது. வெரசா எறங்குடி!"

போடி ஆஸ்பத்திரி வாசலில் ஜீப்பு தானாக நின்றது. மகாராஜன் மிதித்தான், வைதான், முனியைக் கூப்பிட்டான். பெண்கள் இறங்கித் தள்ளினார்கள். அசையவில்லை. வேலுத்தாய் தூக்குவாளியோடு ஆஸ்பத்திரிப் படியில் போய் உட்கார்ந்த பிறகுதான் வண்டி உறுமியது. அவள் எட்டிப் பார்த்தாள். மூலை காய்ந்து கிடந்தது.

கதவு திறந்தது. பரிசோதித்த டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "நல்லவேளை, காலத்துல வந்தீங்கம்மா."

சிலமலையில் கிளம்பிய ஜீப்பு அன்றைக்குப் போடியில் நிற்கவே இல்லை; வேலுத்தாயோடு அது முதலில் நின்றது மலையடியில், முனிக்குக் கற்பூரம் கொளுத்த.