தொட்டுவிட்டுப் போகலாம்

நேமத்தான்பட்டி உடையப்பன் தன் மகள் கல்யாணசுந்தரியைக் காரைக்குடிக் கல்லூரியில் பி.ஏ. இங்கிலீஷ் சேர்த்தபோது பங்காளிகள் சிரித்தார்கள். "வெள்ளைக்காரன் போய் இருவது வருசமாச்சு. இவ யாருகூடப் பேசப் போறா?"

"எவனும் இல்லாட்டி எங்கிட்டப் பேசட்டும்" என்றார் உடையப்பன்.

அறுபத்தெட்டு ஐப்பசியில் வயலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் வடக்கத்திக்காரர், தமிழ் தட்டுத் தடுமாறியது. மனைவி பொன்னுத்தாயி முந்திக்கொண்டாள்: "அய்யா, எம் மக இங்கிலீசுலதான் படிக்கிறா. அவகிட்டச் சொல்லுங்க."

டாக்டருக்கு நிம்மதி.

"அப்பாவைப் பாக்கலாமான்னு கேளுத்தா" என்றாள் அம்மா. சுந்தரி பிழையில்லாமல் கேட்டாள்.

"யெஸ், யூ கேன் சீ ஹிம். பட் இட் இஸ் டச் அண்ட் கோ" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

எல்லாம் தெரிந்த வார்த்தைகள்தான். ஆனாலும் ஏதோ இடறியது. திரும்பக் கேட்கலாம் என்று வாயெடுத்தாள். அம்மா பெருமையோடு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொல்றாக?"

"பாக்கலாமாம். தொட்டுப் பாத்துட்டுப் போகச் சொல்றாக."

"போகச் சொன்னா, பயமில்லைன்னுதான அர்த்தம்?"

"ஆமா" என்றாள் சுந்தரி.

அங்கேயே படுத்துக்கொள்ளப் பாய் கொண்டுவந்திருந்த பொன்னுத்தாயி, அதைச் சுருட்டிக்கொண்டு மகளோடு சாயங்கால பஸ் ஏறினாள். உடையப்பன் அன்றிரவே போய்விட்டார். கடைசியில் தண்ணீர் கேட்டாராம்; பக்கத்துக் கட்டில்காரர் மனைவிதான் ஊற்றினாளாம்.

"போங்கன்னு அனுப்பிட்டுக் கொன்னுபுட்டான் பாவி" என்று கேதத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் டாக்டரைச் சபித்து அழுதாள் பொன்னுத்தாயி. சுந்தரியும் சேர்ந்து அழுதாள்.

மறுவருஷம் வகுப்பில் பேராசிரியர் அழகுசுந்தரம் மரபுத்தொடர்கள் நடத்தினார். "வார்த்தை வார்த்தையா பிரிச்சு அர்த்தம் பண்ணாதீங்க. சேர்ந்து நின்னா பொருளே வேற. டச் அண்ட் கோன்னா, பிழைப்பாங்களா சாவாங்களான்னு சொல்ல முடியாத நிலைமை."

சுந்தரி எழுந்து வெளியே போனாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

வீட்டில் அம்மா நெல் அவித்துக்கொண்டிருந்தாள். சுந்தரி அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். பொன்னுத்தாயி விறகைத் தள்ளிய கை அப்படியே நின்றது.

"புரியலேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாடி?"

"நீ பெருமையாச் சொன்னியேம்மா..."

"பெருமைக்கா படிக்க வச்சாரு அந்த மனுசன்?"

அதற்குப் பிறகு டாக்டரை அவள் சபிக்கவில்லை. மகளையும் ஒன்றும் சொல்லவில்லை. படிப்பை நிறுத்தவும் விடவில்லை. சுந்தரி முதல் வகுப்பில் தேறினாள்.

தேர்வு முடிவு வந்த வாரம் எதிர்வீட்டு முத்தழகு, மலேசியாவிலிருந்து வந்த இங்கிலீஷ் தாள் ஒன்றைக் கொண்டுவந்து, படித்துச் சொல்லும்படி கேட்டாள். சுந்தரி கை நீட்டினாள்.

"அவ வேணாம்" என்றாள் பொன்னுத்தாயி. "காரைக்குடி செக்காலையில வக்கீல் வீடு இருக்கு. அங்குட்டுக் கொண்டுபோய்க் காட்டு."