தொட்டிக்குள் இறங்கும் படிக்கட்டு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குப் பாத்திரம் கழுவும்போது கிடைத்தது. எங்கள் சமையலறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் கொல்லைதான் தெரியும். அங்கே பக்கத்து வீட்டுக் கொத்தனார் ஒரு படிக்கட்டு கட்டிக்கொண்டிருந்தார். மாடி எடுக்கிறார் போல என்று நினைத்தேன். கட்டி முடித்தபின் பார்த்தால், அது ஒரு மேடையில் தொடங்கி, கீழே ஒரு சிமெண்ட் தொட்டிக்குள் இறங்கி நின்றுவிட்டது. தொட்டி நிறையத் தண்ணீர். மேடைக்கு ஏற ஒரு பக்கம் சரிவு வைத்திருந்தார். அவ்வளவுதான், வேறு எங்கேயும் அது போகவில்லை.

எழுதுகிறவனுக்கு மூக்கு கொஞ்சம் நீளம். கை நுரையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டேன்.

"என்னண்ணே, நீச்சல் குளமா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து பதில் வந்தது. "ஆத்துப் படித்துறை தம்பி. நான் அந்தப் புண்ணிய ஊருக்குப் போறேன்ல, அதுக்கு ஒத்திகை. உள்ள வாங்க. வாசல்ல நிக்காதீங்க, உள்ள தள்ளி வாங்க!"

அது அக்கா. கொத்தனாரின் மனைவி. ஓய்வு பெறும்வரை பஸ் கண்டக்டராக இருந்தவர். குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: 'ஆதி நாளிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் அந்தப் புனித நதியின் கரையில், விடியலின் பொன்னொளி —'

(அடித்துவிட்டேன். நான் அந்த ஊருக்குப் போனதே இல்லை. பொன்னொளி காலண்டரில் பார்த்தது.)

இரண்டாவது: 'பக்கவாதம் வந்து இடது கால் மரத்துப்போன அன்று அவர் —'

(இதையும் அடித்துவிட்டேன். இதற்குக் காரணம் அக்கா.)

"எழுதறதுன்னா எழுதுங்க, வேணாங்கல" என்றார். "ஆனா ரெண்டு விஷயம். நோயில ஆரம்பிக்கக் கூடாது. என்னை யாரும் தூக்கிட்டுப் போற மாதிரி எங்கயும் வரக் கூடாது."

"கதைன்னா கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும்க்கா."

"இருந்தா வழியிலேயே இறக்கி விட்ருவேன்."

3

மூன்றாவது தொடக்கம். இதுதான் நின்றது.

மகன் போனில் சொன்னதைக் கேட்டதும் அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவன் வேலை பார்க்கிற இடத்திலிருந்து விசாரித்துவிட்டான். அந்தப் படித்துறையில் நடக்க முடியாதவர்களை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போக ஆட்கள் இருக்கிறார்களாம்.

"நீங்க பேசாம உக்காந்திருந்தா போதும்மா. தண்ணிகிட்ட கொண்டு வச்சிருவாங்க. கையை நனைச்சுக்கலாம்."

"ஏன்டா, நான் என்ன லக்கேஜா?"

"விழுந்துட்டீங்கன்னா என்ன பண்றது?"

"எழுந்திருப்பேன்."

போனை வைத்த பிறகும் ஆறவில்லை. ரயில் நிலையத்துக்குப் போகிற பஸ்ஸில்தான் அவர் அதிகக் காலம் வேலை பார்த்தார். மூட்டை முடிச்சோடு அந்த ஊருக்குக் கிளம்புகிறவர்கள் எல்லாரும் அவர் வண்டியில்தான் ஏறுவார்கள். திரும்பி வரும்போது முகமே வேறு மாதிரி இருக்கும். தண்ணிக்குள்ள காலை வச்சதும் எப்படி இருந்துச்சு தெரியுமா என்று ஆரம்பிப்பார்கள். அதற்குள் அவர்கள் நிறுத்தம் வந்துவிடும். அந்த வாக்கியத்தை ஒருவர்கூட முழுசாகச் சொல்லி அவர் கேட்டதில்லை.

"எல்லாரையும் அவங்கவங்க இடத்துல இறக்கி விட்டாச்சு" என்றார் கணவரிடம். "எனக்குன்னு இறங்கணும்னு நான் நினைச்சது அந்த ஒரு இடம். என் காலாலதான் இறங்குவேன். முடியலன்னா போகவே வேணாம்."

கொத்தனார் தலையை மட்டும் ஆட்டினார்.* மறுநாள் ஒரு வண்டி மணல் வந்து இறங்கியது.

(* இந்த மனிதர்மேல் எனக்கு நெடுநாள் சந்தேகம் இருந்தது. இவ்வளவு பேசாத ஆள் எதையோ மறைக்கிறார் என்று ஒரு வரைவில் அவருக்கு ஒரு சோகத்தைக் கட்டிவிட்டேன். பொருந்தவில்லை. அந்த வீட்டில் ஒரு குரலே தாராளமாகப் போதும், அதுதான் விஷயம்.)

4

கொத்தனார் கட்டினால் கட்டினதுதான். ஒவ்வொரு படிக்கும் ரசமட்டம் வைத்துப் பார்த்தார், குமிழி நட்டநடுவில் வந்து நிற்கும்வரை விடவில்லை. எல்லாப் படியும் ஒரே உயரம், ஒரே அகலம்.

அக்கா தினமும் காலையில் பழகினார். கைத்தடி, நல்ல கால், பிறகு இழுத்துக்கொண்டு வருகிற இடது கால். கொத்தனார் பக்கத்திலேயே கையை நீட்டிக்கொண்டு, 'காலைப் பாத்து, காலைப் பாத்து' என்று வாய்க்குள் முணுமுணுத்தபடி இறங்குவார், தொடக் கூடாது என்பது உத்தரவு. முதலில் அரைமணி நேரம் ஆனது. போகப் போக நான் ஒரு குக்கரைத் தேய்த்து முடிப்பதற்குள் அவர் தண்ணீரில் நின்றார். "கண்ணைக் கட்டி விட்டாலும் இறங்கிருவேன்" என்று ஜன்னல் பக்கம் பார்த்துக் கத்துவார்.

அறை பார்க்க முன்னாடியே அந்த ஊருக்குப் போன மகன் ஒரு வீடியோ அனுப்பினான். 'பாத்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க' என்று அதோடு ஒரு வரி. தொட்டி விளிம்பில் போனைச் சாய்த்து வைத்து இருவரும் பார்த்தார்கள். (நானும்தான். மூக்கைப் பற்றி முன்பே சொல்லிவிட்டேன்.)

ஆறு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பிரச்சினை படிகளில். ஒன்று முழங்கால் உயரம். அடுத்தது பெயருக்கு ஒரு படி. அதற்கடுத்தது ஒரு பக்கமாகச் சரிந்து, தேய்ந்து, நடுவில் குழி விழுந்து ஈரமாகக் கிடந்தது.

"எவன்யா இதைக் கட்டினது?" என்றார் கொத்தனார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் முழு வாக்கியம்.

"ராஜாக்க கட்டினதுங்க. ஆளுக்கொரு காலத்துல" என்றார் அக்கா.

"ராஜான்னா? ரசமட்டம் வைக்க வேணாமா?"

அக்கா சிரித்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. கொத்தனார் கட்டியது நல்ல படிக்கட்டு. அதுதான் தப்பு. இத்தனை நாளும் அவர் மனைவி பழகியது உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு ஒழுங்கான படித்துறையில்.

5

மறுநாள் காலை கொத்தனார் சுத்தியலும் உளியுமாக வந்து உட்கார்ந்தார். படிகளை அந்த ஊர்ப் படிகளைப் போல ஆக்கிவிட வேண்டும். உளியை வைத்தார், சுத்தியலை ஓங்கினார், இறக்கினார். நகக்கண் அளவு பெயர்ந்தது. உடனே கை தானாகப் போய் அந்த இடத்தைத் தடவிச் சமன் செய்தது. மறுபடி ஓங்கினார். மறுபடி தடவினார். ஆயுசு முழுக்க நேராக வைத்துப் பழகிய கை, கோணலாக வைக்கச் சொன்னால் கேட்குமா?

"என்ன, தட்டித் தூங்க வைக்கிறீங்களா?" என்றார் அக்கா.

"வரலம்மா" என்றார் அவர். முகம் வாடிப்போயிருந்தது.

"இங்க குடுங்க."

அக்கா படியில் உட்கார்ந்துகொண்டு சுத்தியலை வாங்கினார். அடித்தார் பாருங்கள், எங்கள் வீட்டுத் தட்டெல்லாம் அதிர்ந்தது. கொத்தனார் முதல் இரண்டு அடிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் அவரே, "அந்த மூலையில இன்னும் கொஞ்சம்" என்று இடம் காட்ட ஆரம்பித்தார்.

6

உடைத்த படியில் முதல் நாளே அக்கா விழுந்தார். முழங்கை சிராய்த்து, இடுப்பு கன்றிப்போய், நான் சுவரேறிக் குதிப்பதற்குள் தானாகவே எழுந்து உட்கார்ந்துவிட்டார். விட்டுவிடுங்கள் அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, கணவரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"காலைப் பாத்து வை, காலைப் பாத்து வைன்னு சொல்லிச் சொல்லியே கெடுத்துட்டீங்க! ஓடுற பஸ்ல நான் என்னைக்காவது காலைப் பாத்திருக்கேனா? ஆளுங்க மூஞ்சியைத்தான் பாப்பேன். கால் அது பாட்டுக்கு நிக்கும்."

"இப்ப என்ன செய்யச் சொல்ற?"

"பக்கத்துல வராதீங்க. கீழ போய்த் தண்ணியில நில்லுங்க. உங்க மூஞ்சியைப் பாத்துட்டு வரேன். அப்புறம் இன்னொண்ணு. இப்ப நான்தான் வண்டி, நீங்க கண்டக்டர். நீங்க ரைட் சொல்லாம வண்டியை எடுக்க மாட்டேன்."

கொத்தனார் பேண்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கி நின்றார். வெட்கமோ பயமோ, குரல் எழும்பவில்லை. "போலாம், ரைட்" என்று முணுமுணுத்தார்.

"கேக்கல. சத்தமா."

"போலாம், ரைட்!"

அக்கா ஒரு படி இறங்கினார். ஆடினார். சமாளித்தார். ஒவ்வொரு படிக்கும் ஒரு ரைட். கடைசிப் படியில் வண்டி தொட்டிக்குள் வந்து நின்றது. அதற்குப் பிறகும் இரண்டு தடவை விழுந்தார், அதையும் எழுதச் சொன்னது அவரேதான். "விழாத மாதிரி எழுதினா யாரும் நம்ப மாட்டாங்க."

7

போன வாரம் கிளம்பிவிட்டார்கள். வீட்டுச் சாவி என்னிடம். போகும்போது அக்கா ஆட்டோவிலிருந்து தலையை நீட்டிச் சொன்னார்: "நொய்நொய்னு போன் பண்ணாதீங்க. முடிவை எழுதி வைங்க, வந்து பாக்கறேன். தப்பா எழுதியிருந்தா இருக்கு உங்களுக்கு."

ஆக, எனக்கு இது வெறும் கதை விஷயம் இல்லை.

முடிவு ஒன்று: ஆற்றில் கால் பட்டதும் அந்தக் காலுக்கு உயிர் —

(இல்லை. கால் இப்படியே இருந்தாலும் இறங்குவேன் என்றுதான் போயிருக்கிறார். அதை நான் சரிசெய்து கொடுத்தால் அவர் உடைத்த படிகளுக்கு என்ன மரியாதை?)

முடிவு இரண்டு: பாதியில் வழுக்கி, கூட்டம் அவரைத் தாங்கிப் பிடித்து, அப்படியே தூக்கி —

(அக்கா போட்ட நிபந்தனையை மீற முடியாது.)

முடிவு மூன்று: கொத்தனார் ஒரு சொம்பில் ஆற்றுத் தண்ணீரை எடுத்துக்கொண்டு மேலே வருகிறார், அக்கா கண் கலங்கி —

(அக்கா என்ன சொல்வார் என்று எனக்கே கேட்கிறது. "தண்ணி என்கிட்ட வரணும்னா வீட்ல குழாயைத் திறந்திருக்க மாட்டேனா?")

பேனாவை வைத்துவிட்டு அவர்கள் கொல்லைக்குப் போனேன். மேடைமேல் ஏறி, அந்த உடைந்த படிகளில் நானே இறங்கிப் பார்த்தேன். இரண்டு நல்ல கால்கள் எனக்கு. மூன்றாவது படியிலேயே கீழே பார்த்துவிட்டேன், உடம்பு ஆடிவிட்டது, சுவரைப் பிடித்துக்கொண்டேன். அங்கே நின்றபோது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அதைவிட அக்காவை நினைத்துப் பெருமையாக இருந்தது.

8

இவ்வளவுதான் என்னால் எழுத முடிந்தது:

காலை வெளிச்சம். (பொன்னொளி இல்லை, சாதாரண வெளிச்சம்.) அக்கா மேல்படியில் நிற்கிறார். நாற்காலி தூக்குகிறவர்களை மகன் திருப்பி அனுப்பிவிட்டான். அம்மா சொன்னபடி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்கிறான். கீழே, முழங்கால் தண்ணீரில், கொத்தனார். அக்கா காலைப் பார்க்கவில்லை, கணவரின் முகத்தைப் பார்க்கிறார். கைத்தடியை முதல் படியில் ஊன்றியாகிவிட்டது. ரைட் என்று ஒரு சொல் வர வேண்டும். வராமல் அவர் எடுக்க மாட்டார், அது உங்களுக்குத் தெரியும்.

கொத்தனார் அவரை அண்ணாந்து பார்க்கிறார். வாய் திறக்கிறது, சத்தம் வரவில்லை. நான் சொல்லலாம், ஆனால் என் வாயில் வந்தால் அது எழுத்தாளன் செய்த உதவியாகிவிடும். அக்காவுக்குப் பிடிக்காது.

இந்த வண்டியில் கடைசியாக ஏறியவர் நீங்கள். பின்னால் வேறு யாரும் இல்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கேட்கவில்லை. சத்தமாக.