தேசிக்காயளவு வசாபி

றுமைஸ் இந்த வீட்டில் கை நனைத்து மூன்று நாளாகிவிட்டது.

கலியாணம் முடிந்து இருபது நாள்கூட ஆகவில்லை. மனைவி றிபாவின் வீட்டோடு வந்து இருக்கும் புது மாப்பிள்ளை, பகல் சோற்றுக்கு மருதமுனையில் தன் உம்மாவிடம் போகிறான் என்றால் சாய்ந்தமருதில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதை றிபாவின் முகத்துக்கு நேரே சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று சொல்ல எல்லோருக்கும் துணிவிருந்தது.

மூடிவைத்த சோறு மூன்றாம் நாளும் ஆறிப்போனபோது றிபாவுக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. அதுவும் வரவேண்டிய ஆளின்மேல் வந்தது.

அந்த ஆள் அவளுடைய ஒரே அண்ணன், அஸீம் காக்கா. எட்டு வருசம் டோஹாவில் ஒரு ஜப்பான் சாப்பாட்டுக் கடையின் குசினியில் சமையல்காரனாக நின்றவன், தங்கையின் கலியாணத்துக்கு லீவில் வந்திருந்தான். சொக்லேட்டும் செண்டும் கொண்டுவந்த பையில் பற்பசைக் குழாய் போல இரண்டு மூன்றையும் கொண்டுவந்து, வந்த அன்றே குசினியில் வகுப்பெடுத்தான்.

"இதுதான் வசாபி. ஒரு செடிட தண்டு. குளிர் தண்ணி ஓடுற இடத்துலதான் வளரும். தேய்ச்ச கையோட தின்னணும், இல்லாட்டி காரம் போயிரும். குழாய்ல இரிக்கிறது அசல் இல்ல. முள்ளங்கி மாதிரி ஒரு கிழங்கு, கடுகு, பச்சைச் சாயம். வாற ஆக்களுக்கு அது போதும்."

பச்சை மீன் துண்டின்மேல் பயறளவு தொட்டு வைப்பார்களாம். மிளகாய்போல நாக்கில் நிற்காமல் மூக்குக்குள் ஏறி மண்டையைப் பிடிக்குமாம். தண்ணீர் குடித்தாலும் அடங்காதாம். சூரை மீனை மெல்லிசாக அரிந்து, தொட்டு, தின்றும் காட்டினான். "பச்சை மீனா!" என்று அவர்களைப் பெற்ற ஆசியா உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து றுமைஸின் கூட்டாளிமாருக்கு விருந்து. சஹன் வைத்தார்கள். ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒரே சோற்றில் கை வைக்க வேண்டும். அஸீமும் அந்த ஆறில் ஒருவன். சோறு முடிகிற நேரம், தேங்காய்ப்பூவில் பிரட்டிய பச்சை உருண்டை ஒன்றை எடுத்தான்.

"டோஹா இனிப்பு மச்சான். எண்ட கையால."

உருண்டை ஒரு தேசிக்காயளவு, முழு எலுமிச்சம்பழம் போல இருந்தது. பெண்ணின் அண்ணன் ஊட்ட வரும்போது புது மாப்பிள்ளை வாயை மூடிக்கொள்ள முடியுமா? றுமைஸ் திறந்தான். கடித்தபிறகு துப்பவும் வழியில்லை. ஐந்து பேர் கை வைத்திருக்கும் சஹனுக்கு முன்னால் வாயிலிருந்து எடுத்துப் போடுகிறவன் நம் ஊரில் இன்னும் பிறக்கவில்லை. விழுங்கினான். மூச்சடைத்து, கண்ணும் மூக்கும் ஒழுக, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்திருந்த அஸீமின் போன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. 'மச்சானுக்கு டோஹா விருந்து' என்று பெயரும் பாட்டும் சேர்த்து ஏற்றிவிட்டான். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லுமுன் அந்த வீடியோ கல்முனை ஓட்டோ ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்ந்தது. றுமைஸ் ஓட்டோ ஓடுவது அங்கேதான். மறுநாள் காலை அவனுடைய சீட்டில் ஒரு பற்பசைக் குழாய் கிடந்தது. ஆள் ஏற்றும்போதெல்லாம் "அழாத மாப்புள" என்று பின்னாலிருந்து கூப்பிட்டார்கள். அன்றைக்கு நின்றதுதான் அவனுடைய பகல் சோறு.

மூன்றாம் நாள் சோறும் ஆறியபின் றிபா முன்னறைக்குப் போனபோது அஸீம் கதிரையில் சாய்ந்து, வீடியோவுக்குக் கீழே வந்தவற்றை வாசித்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"காக்கா, அத அழிங்க."

"பகிடிக்குச் செஞ்சது புள்ள. மச்சானோட மச்சான் பகிடி விடாம வேற யாரு விடுற?"

"பகிடிதானே மகள்," என்றார் ஆசியா உம்மா. "அவர் வருவார்."

றிபா உம்மாவின் பக்கம் திரும்பவில்லை. "டோஹாவுல ஒரு துண்டு மீனுக்கு எவ்வளவு வைப்பீங்க?"

"பயறளவு. அண்டைக்கே சொன்னன்தானே."

"அவருக்கு எவ்வளவு வச்சீங்க?"

போனில் ஓடிக்கொண்டிருந்த விரல் நின்றது. தெரியாத்தனமாகச் செய்திருந்தால் அவள் மன்னித்திருப்பாள். இவன் அளவு தெரிந்தவன்.

"ஒரு மனிசன் மூச்சடைச்சு நிக்காரு, ஒங்கட சிரிப்புத்தான் அதுல பெருசாக் கேக்குது!"

அஸீம் எழுந்தான். "யாருட ஊட்டுல நிண்டு சத்தம் போடுறா? இத யாரு கட்டின? ஒண்ட மாப்புளயா?"

தங்கைக்கு வீடு கட்டிக் கொடுப்பது நம் பக்கத்தில் அண்ணன்மார் தலையில் விழுந்த வேலை. அஸீம் கட்டினான், இல்லையென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கல்லோடும் சீமெந்தோடும் சேர்த்து மாப்பிள்ளையின் மானத்தையும் வாங்கிவிட்டதாக அவன் நினைத்திருப்பது றிபாவுக்கு அந்த நிமிடம்தான் விளங்கியது.

அவள் குசினிக்குப் போனாள். குளிர்சாதனப் பெட்டியில் மிச்சம் கிடந்த குழாயைக் கடைசிவரை பிதுக்கி, உருட்டி, தேங்காய்ப்பூவில் பிரட்டிக்கொண்டு வந்தாள். அதுவும் தேசிக்காயளவு வந்தது.

"வாயத் தொறங்க காக்கா."

அஸீம் சிரிக்கப் பார்த்தான். அவளுடைய முகத்தைக் கண்டதும் சிரிப்பு வரவில்லை. "ஒனக்கென்ன விசரா?"

"தங்கச்சிட கை. தொறங்க."

அவன் பல்லை இறுக்கிக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினான்.

"அவர் தொறந்தார்," என்றாள் றிபா. "ஒங்கட கை எண்டுதான் தொறந்தார்."

உருண்டையை அவனுடைய போனுக்குப் பக்கத்தில் வைத்தாள். கையை இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். பிறகு றுமைஸுக்குக் கோல் எடுத்தாள்.

"இஞ்ச, ஓட்டோவ எடுத்துட்டு வாங்க. ஒங்கட உம்மாட ஊட்ட போவம். இனி ரெண்டு பேரும் அங்கதான்."

ஆசியா உம்மா "யா அல்லாஹ்!" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கட்டிக் கொடுத்த வீட்டை விட்டுவிட்டு மாமி வீட்டில் குடியிருக்கப் போன பெண் அந்தத் தெருவில் கிடையாது. அஸீமுக்கும் அப்போதுதான் உறைத்தது. மாப்பிள்ளை போனால் ஊர் மாப்பிள்ளையைக் கதைக்கும். தங்கையே போனால் கட்டினவனைத்தான் கதைக்கும்.

உடுப்புப் பையோடு வந்தவள் வீட்டைப் பூட்டும் திறப்பை மேசையில் வைத்தாள். ஓட்டோ வந்து நின்றது. றுமைஸ் இறங்கவில்லை, பையை மட்டும் வாங்கி உள்ளே வைத்தான். அஸீம் செருப்பில்லாமல் கேற்றடிக்கு ஓடிவந்தான்.

"புள்ள, நில்லு! வீடியோவ இப்பவே அழிக்கன். நீ இப்பிடிப் போனா ஊரு என்னத்தக் கதைக்கும்?"

றிபா ஏறி உட்கார்ந்தாள்.

"இதையும் வீடியோ எடுத்துப் போடுங்க காக்கா," என்றாள்.