நாற்பது நிமிடம் நான் வெளியே இருந்தேன்

1

இந்தக் கதை நான் ஒரு நாற்காலியிலிருந்து எழுந்ததால் உண்டானது. தடுக்கி விழவில்லை, யார் மேலும் எதையும் கொட்டவில்லை. விதிப்புத்தகத்தில் போட்டிருந்தபடி உடனே, ஒழுங்காக எழுந்தேன். அதனால் பதினான்கு பெண்களின் கூடைப்பந்து வருடம் அத்தோடு முடிந்துபோனது.

முதல் வரைவில் காபி கொட்டியது. ‘லோவெல் எழுந்த வேகத்தில் கோப்பை சாய்ந்து, அணிகளின் பெயர் எழுதிய தாள்கள் எல்லாம் நனைந்து’ என்று ஆரம்பித்திருந்தேன். லோவெல் என்பது நான்தான். ஆறடி மூன்றங்குலம், முன்னாள் ஆட்டக்காரர் என்று எனக்கு ஓர் உடம்பும் கொடுத்திருந்தேன். நிஜத்தில் ஐந்தடி நாலங்குலம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் முப்பத்தொரு வருடமாகப் புள்ளியியல் வாத்தியார். யாராவது என்னிடம் பந்தைக் கொடுத்தால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவேன். காபி கொட்டியவனை யாரும் மன்னித்துவிடுவார்கள். அதற்காகத்தான் கொட்டினேன். இப்போது துடைத்துவிட்டேன்.

(இதைத் தமிழில் எழுதக் காரணம் மொழிப்பற்று என்று சொல்ல ஆசை. இதில் வருகிற ஒருவருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. அதுதான் காரணம்.)

2

ஆட்டக்காரர்கள் வகுப்புக்கு ஒழுங்காக வருகிறார்களா என்று கவனிக்க ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு வாத்தியாரை நியமிப்பார்கள். எங்கள் ஹேவர்லி கல்லூரியில் அதற்கு ஒரு கூட்டம் போட்டார்கள். நான் போகவில்லை. போகாதவனை நியமித்துவிட்டார்கள். அங்கிருந்து ஒவ்வொரு படியாக ஏறி, சிறிய கல்லூரிகளின் பெண்கள் போட்டிக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கும் எட்டுப் பேரில் ஒருவனானேன்.

மொத்தம் முப்பத்திரண்டு அணிகள். இருபது இடங்கள் அந்தந்த லீகில் ஜெயித்தவர்களுக்குத் தானாகப் போய்விடும். மிச்சம் பன்னிரண்டு. டி மாயின் நகரில் ஒரு ஹோட்டலின் ஜன்னலில்லாத அறையில் இரண்டு நாள் உட்கார்ந்து, இரண்டிரண்டு பெயராக எடுத்து உரசிப் பார்ப்போம். யாரை ஜெயித்தார்கள், எங்கே போய் ஜெயித்தார்கள், யாரிடம் தோற்றார்கள், தோற்ற அன்று யார் ஆடவில்லை. பிறகு முப்பத்திரண்டையும் வரிசையாக நிறுத்தி, முதலாவதற்கு எதிரே கடைசி, இரண்டாவதற்கு எதிரே கடைசிக்கு முந்தையது என்று கட்டுவோம். அந்த அழகைப் பேருந்து வந்து கெடுக்கும். ஐந்நூறு மைலுக்குள் என்றால் பேருந்து, தாண்டினால் விமானம், விமானத்துக்கு மேலிடம் முகம் சுளிக்கும். ஆகவே பதினோராம் இடத்து அணி ஊர் பக்கமாக இருக்கிறது என்பதற்காக ஒன்பதாம் இடத்துக்கு வரும். எங்களில் மினசோட்டாக்காரர் ஒருவர் உண்டு. “மேப்பை விரிச்சு ஜாதகம் பொருத்துறோம்” என்பார். (அவர் சொன்னது வேறு. தமிழில் இப்படித்தான் வருகிறது.)

அந்த அறையில் இரண்டு வழக்கங்கள். ஒவ்வொருவர் பொறுப்பிலும் மூன்று லீகுகள். தாளில் வராத சேதிகளை அவர்தான் மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். இரண்டாவது, உங்கள் சொந்தக் கல்லூரியின் பேச்சு வந்தால் நீங்கள் எழுந்து வெளியே போய்விட வேண்டும். போகுமுன் யாராவது தகவல் கேட்டால் பதில் சொல்லலாம். கேட்காவிட்டால் வாய் திறக்கக் கூடாது. வராந்தாவில் ஐஸ் மெஷின் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருப்பார்கள்.

தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே நல்ல வழக்கங்கள். இரண்டும் ஒரே ஆள் தலையில் ஒரே நேரத்தில் விழலாம் என்று விதி எழுதியவர்கள் யோசிக்கவில்லை. நான் யோசித்திருந்தேன். அதை நாலாம் பகுதியில் ஒத்துக்கொள்கிறேன். இப்போதே சொன்னால் நீங்கள் மூன்றாம் பகுதியை வேறு மாதிரிப் படிப்பீர்கள்.

3

மார்ட்டி ஸ்வெங்கல், ஓக்டன் கல்லூரியின் பயிற்சியாளர். ஓக்டன் என் பொறுப்பிலிருந்த லீகைச் சேர்ந்தது. கூட்டத்துக்கு முந்தின நாள் மதியம் கூப்பிட்டார்.

“புரொபசர், பிஸியா? பிஸின்னாலும் கேளுங்க.”

“சொல்லுங்க கோச்.”

“இந்த வருஷம் அஞ்சு மேட்ச் தோத்தோம். அதுல மூணு, ஜனவரியில எங்க பெஸ்ட் பிளேயர் டெலேனி இல்லாதப்ப. அவ அம்மாவுக்கு ஆபரேஷன். நெப்ராஸ்காவுல இருக்கிற வீட்டுக்குப் போயிட்டா.”

“தெரியும் கோச்.”

“உங்களுக்குத் தெரியும். அந்த ரூம்ல இருக்கிற மத்த ஏழு பேருக்கு? அவங்க தாளைப் பாப்பாங்க, தாள்ல தோத்தது மட்டும்தான் இருக்கும். அந்தப் பொண்ணு போகவே மாட்டேன்னு அடம். கடைசி வருஷம் அவளுக்கு. ‘இதை நம்ம டீம் மேல ஏத்த மாட்டாங்க, புரொபசர் எடுத்துச் சொல்லுவாரு’ன்னு நான்தான் காரை ஸ்டார்ட் பண்ணிக் குடுத்து அனுப்பினேன்.”

“சொல்லிடறேன்.”

“எழுதிக்கோங்க. எழுதறீங்களா? சத்தமே கேக்கலியே.”

“பென்சில் கோச்.”

“போன வருஷம் எங்க ஜிம்ல ஓவர்கோட்டை மறந்துட்டுப் போன ஆளு நீங்க. பொண்ணுங்க அதை மாட்டிக்கிட்டு உங்களை மாதிரியே நடந்து காட்டுறாளுங்க. தத்ரூபம்.”

எழுதினேன். மஞ்சள் தாளில் மூன்று தேதிகள், எதிரணிகளின் பெயர்கள், கீழே ‘தாய்க்கு அறுவைச் சிகிச்சை’. நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். மறதியின் மேல் பழி போட இந்தக் கதையில் இடமில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

4

முதல் நாள் ஒவ்வொருவரும் தன் லீகுகளைப் பற்றிப் பேச வேண்டும். நான் ஓர் அணியின் ஃப்ரீ த்ரோ சராசரி எப்படி நம்மை ஏமாற்றுகிறது என்று பதினோரு நிமிடம் பேசினேன். இருவர் தூங்கினார்கள். ஓக்டனுக்கு வரும்போது சாப்பாடு வந்துவிட்டது. சில்லி என்ற பீன்ஸ் குழம்பு, தொட்டுக்கொள்ள சினமன் ரோல் என்ற இனிப்பு பன். “அப்புறம் சொல்றேன்” என்றேன். தலைவி டார்லா ரஸ்முசனும் “சரி, அப்புறம்” என்றாள். சாப்பிட்டு வந்ததும் அடுத்தவர் ஆரம்பித்துவிட்டார்.

ஒத்துக்கொள்வதாகச் சொன்னது இதைத்தான்: அன்று மாலையே எனக்குத் தெரியும், கடைசி ஓர் இடம் மிஞ்சும், அதற்கு ஓக்டனும் ஹேவர்லியும் மோதும் என்று. புள்ளியியல் வாத்தியாருக்கு அதுகூடத் தெரியாதா? தெரிந்தும், நேரம் வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று

(இந்த வாக்கியத்தை ஆறு முறை முடித்துப் பார்த்தேன். ஆறும் பொய்யாக இருந்தன. அப்படியே விட்டுவிடுகிறேன்.)

மறுநாள் பதினோரு இடங்கள் நிரம்பின. டார்லா தன் கண்ணாடியைக் கழற்றி – இல்லை, அவள் கண்ணாடி போடுவதில்லை. கதைகளில் வரும் தலைவிகள்தான் கழற்றுகிறார்கள். டார்லா மிச்சமிருந்த ரோலை வாயில் போட்டுக்கொண்டு சொன்னாள்:

“கடைசி ஒண்ணு. ஓக்டனா, ஹேவர்லியா?”

எழுந்துவிட்டேன்.

“அட இருங்க புரொபசர், இன்னும் கேக்கவே இல்லியே. யாருக்காவது இவர்கிட்ட ஏதாவது கேக்கணுமா? தகவல் மட்டும்.”

“கேட்டா மறுபடி உக்காந்து சராசரி சொல்லுவாரு” என்றார் மினசோட்டாக்காரர். “போகட்டும் விடுங்க. ஐஸ் மெஷினுக்குப் பாடம் எடுக்கட்டும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பையில் தாள் இருந்தது. கேட்காமல் பேசக் கூடாது என்பது விதி. ஆனால் என் கல்லூரிக்கு எதிரான ஒரு சேதியை நானே சொல்லியிருந்தால் எந்த விதி என்னைப் பிடித்திருக்கும்? டார்லா எழுந்து கை குலுக்கியிருப்பாள். சொல்லவில்லை. விதியை மதிக்கிற மனிதன் என்ற முகத்தோடு வெளியே போனேன். அந்த முகம் எனக்கு நன்றாகப் பொருந்தும்.

நாற்பது நிமிடம். நீச்சல்குளத்துக்குப் போகிற ஒரு குடும்பம் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து வாளியில் ஐஸ் பிடித்துக்கொண்டு போனது. இரண்டு முறை கதவு வரை போனேன். இரண்டாம் முறை தட்டுவதற்குக் கையைத் தூக்கினேன். உள்ளே யாரோ எதற்கோ சிரித்தார்கள். திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

கதவு திறந்தது. “வாங்க புரொபசர். வாழ்த்துகள்” என்றாள் டார்லா. “உங்க பொண்ணுங்களுக்கு எட்டு மணி நேர பஸ்.”

ஹேவர்லிக்கு முப்பதாவது இடம். மூன்றாம் இடத்து அணியிடம் நாற்பத்தொரு புள்ளி வித்தியாசத்தில் தோற்றுத் திரும்பினார்கள். அந்த எண்ணை நான் திருத்தவில்லை. கதையாக இருந்தால் பதினைந்து என்று குறைத்திருப்பேன்.

5

முடிவுகள் மூன்று கைவசம் உள்ளன.

முதலாவதில் லோவெல் கதவைத் தட்டுகிறார். ஓக்டன் உள்ளே வருகிறது. டெலேனி கடைசி நொடியில் பந்தைக் கூடையில் போடுகிறாள். இதை ஒரே மூச்சில் எழுதினேன், சந்தோஷமாக இருந்தது, கிழித்துவிட்டேன்.

இரண்டாவது, நான் சொல்லியிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது என்பது. இதற்கு டார்லாவின் சாட்சி தேவைப்பட்டது. போன வருடம் மஞ்சள் தாளைக் காட்டிக் கேட்டேன்.

“அஞ்சுக்கு ரெண்டு ஓட்டு” என்றாள். “எட்டு வருஷம் ஆச்சு புரொபசர். அந்தத் தாளை இன்னுமா வெச்சிருக்கீங்க?”

“சொல்லியிருந்தா மாறியிருக்குமா?”

“யாரு கண்டா? மாறியிருக்கலாம், மாறாமலும் இருந்திருக்கலாம். நல்லாத் தூங்குங்க.”

மார்ட்டியிடமும் உண்மையைச் சொன்னேன், அவர் ஓய்வு பெற்ற விருந்தில். “விடுங்க, ஒரு ஆட்டம்தானே” என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் என் ஓவர்கோட்டை எடுத்து வந்து கொடுத்தார். அதற்கப்புறம் அவர் கூப்பிடுவதில்லை.

மூன்றாவது முடிவில் டெலேனி வருகிறாள். அவளை நான் சந்தித்ததே இல்லை. ஆகவே பழுப்பு முடி கொடுத்தேன், கழுத்தில் ஒரு சின்னச் சங்கிலி கொடுத்தேன். ‘அவள் அவரைப் பார்த்து மெல்லச் சிரித்தாள்’ என்று முடித்தேன். அந்தச் சிரிப்பை நாலு வரைவிலும் வைத்திருந்தேன். மன்னிப்பு வேண்டியிருக்கிறவன் கதை எழுதினால் பாத்திரங்கள் எல்லாம் பெருந்தன்மைக்காரர்களாகிவிடுகிறார்கள். ஐந்தாவது வரைவில் எனக்கே சந்தேகம் வந்தது: இந்தப் பெண் எதற்குச் சிரிக்கிறாள்?

6

ஆகவே போய்க் கேட்டேன். இரண்டு மணி நேரம் கார் ஓட்டினால் அவள் ஊர். மாட்டு ஆஸ்பத்திரியில் டாக்டராக இருக்கிறாள். முடி பழுப்பு இல்லை, சங்கிலியும் இல்லை. ரப்பர் பூட்ஸைக் கழற்றிவிட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் எதிரே உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். நான் கதைத் தாள்களை மேஜையில் வைத்தேன்.

“அரை மணி நேரம்தான் இருக்கு. அப்புறம் ஒரு கன்னுக்குட்டி வருது. இது என்ன எழுத்து?”

“தமிழ்.”

“இதுல நான் இருக்கேனா?”

“இருக்கீங்க. கடைசியில சிரிக்கிறீங்க.”

“எதுக்கு?”

படிக்க ஆரம்பித்தேன், ஒவ்வொரு வரியாக அவள் மொழியில் மாற்றி. லோவெலின் உயரத்தைக் கேட்டு என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தாள். ஐஸ் மெஷின் வந்தபோது சான்ட்விச்சைக் கீழே வைத்தாள்.

“ஒரு நிமிஷம். அந்தத் தாள் உங்க பையிலயே இருந்துச்சா?”

“ஆமா.”

“அப்போ அவங்களுக்குத் தெரியவே தெரியாதா?”

“தெரியாது.”

“நீங்க சொல்லிட்டீங்கன்னுதான் நாங்க நெனச்சோம். எல்லாத்தையும் கேட்டுட்டு, ‘இதெல்லாம் ஒரு காரணமா’ன்னு தள்ளிட்டாங்கன்னு.”

நான் அவசரமாக மூன்று முடிவுகளையும் சொன்னேன். கதவைத் தட்டுவது, ஒன்றும் மாறாதது, சிரிப்பது. எது பொருத்தமாக இருக்கும் என்று கேட்டேன். ஒரு கடையில் துணி எடுத்துப் போடுகிறவனைப் போல இருந்தது என் குரல்.

“புரொபசர், இவ்ளோ தூரம் காரை ஓட்டிக்கிட்டு இதைக் கேக்கவா வந்தீங்க? உங்களுக்கு என்ன தெரியணுமோ அதைக் கேளுங்க.”

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு முடிவை உங்கள் கையில் கொடுப்பதாக இருந்தேன். கால் பக்கம் வெற்றாகக்கூட விட்டிருந்தேன். நீங்கள் நல்லவர்கள், எனக்கு ஆதரவாக ஏதாவது எழுதியிருப்பீர்கள். ஆனால் அதற்குள் நான் கேட்டுவிட்டேன், அவளும் பதில் சொல்லிவிட்டாள்.

“தப்பு என்னோடதா?” என்று கேட்டேன்.

“ஆமா” என்றாள் டெலேனி. “உங்களோடதுதான். மேட்ச் போனா போகட்டும். நான் வீட்டுக்குப் போனதாலதான் ஆறு பேரோட கடைசி வருஷம் போச்சுன்னு நெனச்சேன். அம்மாவாலதான்னு நெனச்சேன். அதனால அதுக்கப்புறம் போகல. ஈஸ்டருக்குப் போகல, கோடை லீவுக்குப் போகல. அம்மா ஃபோன் பண்ணினாங்க, எடுக்கல. அக்டோபர்ல செத்துப்போயிட்டாங்க.”