கொசுறுக்கு இங்கிலீஷில் என்ன?

தருமபுரியில் அப்போது இங்கிலீஷ் இரண்டு இடங்களில் கிடைத்தது. ஒன்று கலெக்டர் ஆபீஸ். இன்னொன்று, சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் ராஜாமணி பி.ஏ. நடத்திவந்த டுடோரியல். கலெக்டர் ஆபீஸ் சரக்கு கொஞ்சம் மட்டம் என்பது ராஜாமணியின் கருத்து.

எண்பத்து நாலாம் வருஷம் அவருக்கு ஒரு வெளிநாட்டு மாணவி கிடைத்தாள். மரிசோல் என்கிற கொலம்பியாக்காரி; அதியமான்கோட்டைப் பக்கம் ஒரு தொண்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ். தாய்மொழி ஸ்பானிஷ். டாக்டர்கள் பேசும் இங்கிலீஷ் பிடிபடாமல் இவரிடம் வந்து சேர்ந்தாள். அன்றிலிருந்து ராஜாமணி டீக்கடையில் உட்காருவதில்லை. நின்றுகொண்டே குடித்தார், போகிறவர் வருகிறவரெல்லாம் நிறுத்தி அவளைப் பற்றி விசாரிக்க வசதியாக.

இப்போது அந்தப் பெருமைக்கு ஆபத்து வந்திருந்தது. சேலத்தில் ஓர் இன்ஸ்டிடியூட்டில் டேப் ரெக்கார்டர் வைத்துச் சொல்லித் தருகிறார்களாம். அங்கே மாறிவிடலாமா என்று மரிசோல் யோசித்துக்கொண்டிருந்தாள். அவள் போய்விட்டால் அப்புறம் எந்த முகத்தோடு டீ குடிப்பது?

ஆகவே அளவுச் சொற்கள் பாடத்தை அவர் கொட்டி முழக்கினார். ரொட்டிக்கு லோஃப், சோப்புக்கு பார், திராட்சைக்கு பஞ்ச், பூண்டுப் பல்லுக்கு க்ளோவ், ஸ்ட்ராபெர்ரிக்கு பனெட்.

"இங்கே ஸ்ட்ராபெர்ரி எங்கே, சார்?" என்று மரிசோல் தன் அரைகுறை இங்கிலீஷில் கேட்டாள்.

"வரும்" என்றார்.

"அது வரும்வரை சந்தைக்குப் போவோம். ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் வாங்குங்கள், நான் இங்கிலீஷில் சொல்கிறேன். பிறகு சேலத்தைப் பற்றி முடிவு செய்கிறேன்."

வீட்டில் சொன்னதும் மனைவி காவேரிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"நீங்களா? சந்தைக்கா? கல்யாணமாயி பதினெட்டு வருசத்துல ஒரு கொத்தமல்லிக் கட்டு வாங்கியாந்திருப்பீங்களா?"

"எல்லாத்துக்கும் இங்கிலீஷ்ல பேரு தெரியும்."

"அப்ப இங்கிலீஷ்லயே கொழம்பும் வெச்சுக்கங்க."

சந்தையில் காய்கறிக்காரி ஜுபைதா சாக்கை விரித்துத் தக்காளியைக் கூறு கூறாகக் குவித்து வைத்திருந்தாள்.

"எ ஹீப் ஆஃப் டொமேட்டோஸ்" என்று ராஜாமணி தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவித்தார். மரிசோல் திருப்பிச் சொன்னாள். இதுவரை நன்றாகத்தான் போனது.

"வூட்டுல எத்தினி பேருங்க சார்?" என்றாள் ஜுபைதா.

"அஞ்சு."

"அப்ப எத்தினி கூறு போடட்டுங்க?"

அளவுச் சொற்களைக் கரைத்துக் குடித்தவர் ஆகாயத்தைப் பார்த்தார். பிறகு, கௌரவம் கெடாமல், முன்னால் இருந்த கூறை அப்படியே அள்ளப் போனார்.

மரிசோல் அவர் கையைத் தடுத்தாள். அடியில் விரலை விட்டு நசுங்கிய இரண்டைத் தள்ளிவைத்துவிட்டு, பக்கத்துக் கூறிலிருந்து கெட்டியாக இரண்டை எடுத்துக்கொண்டாள்.

"அய்யய்யோ மாரி, அது வேற கூறு!" என்று ஜுபைதா கத்தினாளே தவிர, தடுக்கவில்லை. மரிசோல் அந்தச் சந்தையில் மாரியாகி மூன்று மாதமாகியிருந்தது. காசைக் கொடுத்த பிறகும் அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. ஜுபைதா முணுமுணுத்தபடி இரண்டு பச்சை மிளகாயையும் ஓர் இணுக்கு கருவேப்பிலையையும் அதில் போட்டாள்.

"சார், காசில்லாமல் மேலே தருகிறார்களே, இதை எங்கள் ஊரில் ஞாப்பா என்போம். இங்கே கொசுறு. இங்கிலீஷில் என்ன?"

ராஜாமணி மனசுக்குள் கைடைப் புரட்டினார். பிஞ்ச் இருந்தது, டஜன் இருந்தது, இது இல்லை. எதையாவது அடித்துவிடலாம். 'கிங்ஸ் ஹேண்ட்ஃபுல்' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள்? அவளுடைய நோட்டும் பென்சிலும் தயாராகக் காத்திருந்தன. அவர் எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்வாள். நாளைக்கு டாக்டர்களிடமும் சொல்வாள்.

"தெரியலம்மா" என்றார், தமிழிலேயே. இத்தனை வருஷ ஆசிரியத் தொழிலில் பழகாத வாக்கியம் அது.

"வெள்ளக்காரன் கொசுறே குடுத்திருக்க மாட்டானுங்க. அப்புறம் பேரு எதுக்குங்க அதுக்கு?" என்றாள் ஜுபைதா.

மரிசோல் வாய்விட்டுச் சிரித்தாள். "சேலத்துக்குப் போகவில்லை, சார். டேப் ரெக்கார்டர் 'தெரியாது' என்று சொல்லாது." பிறகு ஒரு நிபந்தனை போட்டாள்: ஒரு மணி நேரம் அவர் அவளுக்கு இங்கிலீஷ் சொல்லித் தர வேண்டும், அரை மணி நேரம் அவள் அவருக்குத் தக்காளி.

ராஜாமணி சுற்றுமுற்றும் பார்த்தார். தெரிந்த முகம் எதுவும் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாக்குக்கு முன்னால் குந்தி, ஒரு தக்காளியை எடுத்து அமுக்கினார்.

"அமுக்காதீங்க சார், சாறு வந்துரும்! மெல்லத் தொட்டுப் பாக்கணுங்க. மாரி, நீயே சாருக்குக் காட்டும்மா."