மேனேஜருக்கு ஏற்ற பத்து ஊர்கள்

எங்கள் நாயின் பெயர் மேனேஜர். நாள் முழுக்க இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்து வீட்டை மேற்பார்வை பார்ப்பார்; துரும்பைக்கூட நகர்த்த மாட்டார். பெயர் அப்படி அமைந்ததால் மரியாதையும் தானாக ஒட்டிக்கொண்டது. அக்காவின் நாய்தான். பெயர் மட்டும் நான் வைத்தது. இந்த மாதிரிச் செலவில்லாத கடமைகளை நான் தட்டிக்கழிப்பதில்லை.

அக்கா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அவளுடைய கிளையை மூடப் போகிறார்கள். வேறு மூன்று ஊர்க் கிளைகளில் இடம் இருக்கிறது. எந்த ஊர் வேண்டும் என்று திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் சொல்லிவிட வேண்டும். எந்த ஊரானாலும் அவளுக்குச் சரி, நாயோடு இருக்க ஒரு வீடு கிடைத்தால் போதும். கிடைக்காவிட்டால் அப்பாவுக்குத் தெரிந்த மரக்கடைக்காரர் மேனேஜரைக் காவலுக்கு எடுத்துக்கொள்வார். முன்யோசனை உள்ள மனிதர். நாய் வரும் முன்பே சங்கிலி வாங்கி, படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பியிருந்தார். அதில் கப்பலையே கட்டிப்போடலாம் போலிருந்தது. அக்கா அந்தப் படத்தை இன்னொரு முறை பார்க்கவில்லை, அழிக்கவும் இல்லை.

அவள் மலைபோல நம்பியது ஒரு கட்டுரையை. 'நாயோடு போகத் தகுந்த பத்து ஊர்கள்' என்று ஒரு பயண இணையதளத்தில் வந்தது. அவளுக்கு வாய்த்த மூன்று ஊர்களும் அதில் இருந்தன: இரண்டாம் இடம், ஐந்தாம் இடம், ஒன்பதாம் இடம். கடவுளே வழி காட்டுகிறார் என்றாள்.

அந்தக் கடவுள் நான்தான். பயணப்பித்தன் என்ற புனைபெயரில், பொருளாதார வகுப்பின் கடைசி பெஞ்சில், நாற்பது நிமிடத்தில், பத்து ஊர்களில் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்க்காமல் எழுதியது.

வெள்ளிக்கிழமையே உண்மையைச் சொல்லிவிடத்தான் அவள் அறைக்குப் போனேன். அதற்குள் கட்டுரையை அச்செடுத்து, பச்சை மையில் அடிக்கோடு போட்டு வைத்திருந்தாள். "இதை எழுதினவன் நாய் வளர்த்தவன்டா. படிச்சாலே தெரியுது" என்றாள். என் எழுத்தை வீட்டில் ஒருவர் பாராட்டுவது அதுதான் முதல் தடவை. நாக்கு நுனி வரை வந்தது அப்படியே உள்ளே திரும்பிப் போய்விட்டது.

சனிக்கிழமை விடிந்ததும் அவளுடைய பழைய காரில் கிளம்பினோம். பின் சீட்டில் நானும் மேனேஜரும். அவர் உட்காரவே இல்லை. இந்த ஜன்னல், பிறகு அந்த ஜன்னல், பிறகு மறுபடி இந்த ஜன்னல். ஒவ்வொரு தடவையும் என் தொடை வழியாகத்தான் பாதை.

இரண்டாம் இடத்து ஊரில் ஒரு பூங்கா இருப்பதாகவும், அதன் குளத்தில் நாய்கள் நீந்துவதை ஊரே நின்று ரசிப்பதாகவும் எழுதியிருந்தேன். பூங்கா வாசலில் ஒரு பலகை இருந்தது. செய்யக்கூடாதவை ஏழு, முதலாவதே குறுக்குக் கோடு போட்ட நாய். அக்கா காவலாளியிடம் குளத்தைப் பற்றி விசாரித்தாள். தான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து குளமே கிடையாது என்றும், இந்த மாதத்தில் மட்டும் நாயோடு வந்து குளம் கேட்கும் நான்காவது கோஷ்டி நாங்கள் என்றும் அவர் சொன்னார்.

"எவனோ எழுதிட்டானாம். கையில கிடைச்சான்னா அந்தக் குளத்துலயே முக்கிடுவேன். என்ன பண்றது, குளம்தான் இல்ல."

நான் மேனேஜரின் கழுத்துப் பட்டையைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

பிறகு வீடு தேடினோம். முதல் வீட்டுக்காரர் மேனேஜரைப் பார்த்ததும், வீடு இப்போதுதான் போனது என்றார்; 'வீடு வாடகைக்கு' பலகை அவர் தலைக்கு மேலேயே ஆடிக்கொண்டிருந்தது. இரண்டாவது வீட்டுக்காரருக்கு நாய் என்றால் உயிராம், குரைக்கக்கூடாது, அவ்வளவுதான். மூன்றாவதாக வந்த தரகர், நாயை வீட்டில் விட்டுவிட்டு வீடு பார்க்க வரச் சொன்னார். அந்த வீட்டைத்தான் தேடிக்கொண்டிருந்தோம்.

ஐந்தாம் இடத்து ஊரில் பஸ்களில் நாய்க்கு ஜன்னலோர இருக்கை உண்டு என்பது என் கண்டுபிடிப்பு. வேலைக்குப் போகும் நாட்களில் காரை நம்ப முடியாது, நாய் டாக்டரிடம் போக பஸ்தான் என்று அக்கா அதைச் சோதித்துப் பார்க்க விரும்பினாள். வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். ஏறினோம். கண்டக்டர் எங்களை இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே இறக்கிவிட்டார். மேனேஜருக்கு மட்டும் சந்தோஷம். காரை விட்ட இடம் வரை எங்களை இழுத்துக்கொண்டே போனார். அந்த ஊரில் நாங்கள் பார்த்த ஐந்து வீடுகளிலும் ஒரே பதில்தான், குரல்தான் வேறு வேறு. இரவு காரிலேயே கழிந்தது. அக்காவும் நானும் தூங்குவதாக நடித்தோம். மேனேஜர் ரவுண்ட்ஸ் போனார்.

ஞாயிறு காலை ஒன்பதாம் இடத்துக்குப் போகும் வழியில் மரக்கடைக்காரர் கூப்பிட்டார். சுவரில் கொக்கி அடித்துவிட்டாராம், எப்போது கொண்டு வருகிறீர்கள் என்று கேட்டார். சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள். அதுவரை ஊருக்கு ஊர் காரை நிறுத்திக் கட்டுரையை வாசித்துக் காட்டியவள், அதற்குப் பிறகு வாசிக்கவில்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்திருக்க வேண்டும், வரவில்லை.

ஒன்பதாவது ஊரை எழுதும்போது வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருந்தது. சரக்கும் தீர்ந்துவிட்டது. அதனால் எனக்குத் தெரிந்த ஒரே நாயை வைத்து ஒப்பேற்றினேன். அந்த ஊர்க் கடைக்காரர்கள் நாய்க்கு எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீர் வைப்பதில்லை, அதில் தன் முகத்தைக் கண்டு நாய் குரைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும், எனவே நீலப் பிளாஸ்டிக் குவளையில்தான் வைப்பார்கள் என்று. அக்கா பச்சை மையில் இரண்டு கோடு போட்டிருந்த இடம் அதுதான். வாழ்க்கையில் ஒரே ஒரு நாயை வளர்த்தவள். எல்லா நாயும் அப்படித்தான் என்று நினைத்திருந்தாள்.

ஊருக்குள் நுழைந்ததும் ஒரு பேக்கரி. அதன் வாசலில் ஒரு நீலப் பிளாஸ்டிக் குவளை. நிறையத் தண்ணீர்.

அக்கா காரை நிறுத்திவிட்டு இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். நான் விட்ட புளுகு, தண்ணீர் நிரம்பி, வாசலில் உட்கார்ந்திருந்தது. மேனேஜர் குடித்துக் காலி செய்தார்.

பேக்கரிக்கார அம்மா ரொட்டித் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். எவர்சில்வர் என்றால் நாய் குரைக்கும் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அக்கா ஆசையாகக் கேட்டாள்.

"எந்த நாய்மா குரைக்கும்? எதுல ஊத்தினாலும் குடிக்கும். எவனோ எழுதிட்டான்னு வர்றவங்க எல்லாம் நீலக் குவளை எங்க, நீலக் குவளை எங்கன்னு உசுரை வாங்கினாங்க. தொல்லை விடட்டும்னு ஒண்ணு வாங்கி வச்சேன். முப்பது நாற்பது நாய் வந்திருக்கும். ஒண்ணுகூடக் குரைச்சதில்ல."

அந்த நேரம் பார்த்துத்தான் மேனேஜர் கடையைச் சுற்றிப் பார்க்கப் போனார். சுவரில் சாய்த்து வைத்திருந்த பெரிய எவர்சில்வர் தட்டின் முன் நின்றார். உள்ளே இருந்த மேனேஜரைப் பார்த்துத் தொண்டை கிழியக் குரைத்தார்.

"இதுதான் முதல் நாய்" என்றார் அந்த அம்மா.

அக்கா மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்து, ஒன்பதாவது பத்தியை நின்றபடியே படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"குளம்?"

"இல்லக்கா."

"பஸ்?"

"அதுவும் இல்ல."

"இந்த ஊருக்காவது வந்திருக்கியா?"

"இப்பத்தான்."

அடித்திருந்தால் தேவலை. கடை பெஞ்சில் உட்கார்ந்தாள். "அவர் கொக்கி அடிச்சுட்டாருடா" என்றாள்.

என்னால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. இரண்டு தடவை வாசல் வரை போய்த் திரும்பினேன். பிறகு கல்லாவுக்கு முன் போய், அதை எழுதியவன் நான்தான் என்றும், அக்காவுக்கு நாளைக்குள் வீடு வேண்டும், இல்லாவிட்டால் நாய் சங்கிலிக்குப் போய்விடும் என்றும் ஒரே மூச்சில் சொன்னேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்தப் புண்ணியவான் நீதானா? ஞாயித்துக்கிழமை நாய்க்கெல்லாம் இலவச பிஸ்கட்டுன்னு எழுதினதும் நீதானே?"

அது எனக்கே மறந்துபோயிருந்தது.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. பத்து மணிக்கு வந்து நிப்பாங்க, கூட்டம் கூட்டமா. முதல்ல எழுதினதை எடு. அப்புறம் வீட்டைப் பத்திப் பேசலாம்."

மாடியில் ஒரு அறை இருந்தது, மாவு மூட்டை போட்டு வைக்கிற அறை. தனிப் படிக்கட்டு, தண்ணீர்க் குழாய் உண்டு. மூட்டைகளைக் கீழே இறக்குகிறவர்களுக்கு வாடகைக்கு விட அவருக்கு ஆட்சேபணை இல்லை. நாயும் இருக்கலாம், தட்டுகளின் பக்கம் மட்டும் வரக்கூடாது.

இணையதள ஆசிரியரைப் போனில் பிடித்தேன். பிஸ்கட் பற்றிய வரி பொய், எடுத்துவிடுங்கள் என்றேன். வேறு எது பொய் என்றார். அக்கா பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நீலக் குவளை மட்டும் உண்மை சார், அதுவும் நான் எழுதின பிறகுதான் உண்மையாச்சு என்றேன். பத்து நிமிடத்தில் கட்டுரை காணாமல் போனது. பயணப்பித்தனும் கூடவே போய்விட்டான்.

அக்கா தன் அலுவலகத்துக்கு இந்த ஊரின் பெயரை எழுதி அனுப்பினாள். எனக்கு மாடியைக் கைகாட்டினாள்.

இருபத்து மூன்று மூட்டைகள். நான் ஒவ்வொன்றாகச் சுமந்து இறங்க, மேனேஜர் கூடவே இறங்கி, எனக்கு முன்னால் ஏறி, காலியாகும் அறையை மூலைக்கு மூலை சரிபார்த்தார். பதினோராவது மூட்டையோடு இறங்கும்போது படியில் அக்கா போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சங்கிலிப் படத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்த்தாள், அழித்தாள்.

"இன்னும் பன்னிரண்டு" என்றாள் எனக்கு வழிவிட்டு.

தலையெல்லாம் மாவோடு மேலே போனேன். மேனேஜர் இன்னும் உட்காரவில்லை.